தன் பள்ளியில் முன்வரிசை: டெக்சாஸ் சட்டம் ஒன்றும் அது கிளப்பிய வாதமும்

(ஜமாஅத் கல்விக் குழுவின் ஆண்டு நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி உதவி பற்றியும் கல்லூரிச் சேர்க்கை பற்றியும் நாம் கூடிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. ஆய்வகம் பெயரளவில் மட்டுமே உள்ள பள்ளியில் படித்து, அப்பள்ளியிலேயே முதலாவதாக வந்த பிள்ளை ஒருபுறம். எல்லா வசதியும் தனிப்பயிற்சியும் பெற்று, அப்பிள்ளையைவிட ஐம்பது மதிப்பெண் கூடுதலாக எடுத்தும் தன் பள்ளியில் நாற்பதாவதாக நிற்கும் பிள்ளை மறுபுறம். இருப்பது ஓர் இடம். அதை யாருக்குத் தருவது நியாயம்? கூடுதல் மதிப்பெண்ணுக்கே என்பர் சிலர். கிடைத்ததைக் கொண்டு யார் அதிகம் சாதித்தார் என்று பார்க்க வேண்டும் என்பர் வேறு சிலர். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆதலால் பேச்சு முடிவதில்லை.

இதே கேள்விக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997ஆம் ஆண்டு ஒரு சட்டத்தால் விடை கூறியது. அவ்விடை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நடைமுறையில் இருந்து வருகிறது. அதை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் கூறியவற்றுள் எவை மெய்ப்பட்டன, எவை பொய்த்தன என்று இன்று நம்மால் பார்க்க முடிகிறது. எனவே அதனையே இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டோம்.

முதலில் அம்மாநிலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். டெக்சாஸ் பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கிற்கும் மேற்பட்டது. 1,500க்கும் அதிகமான உயர்நிலைப் பள்ளிகள் அங்கு உள்ளன. தலைநகர் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமே மாநிலத்தின் பெருமைக்குரிய கல்விக்கூடம். அரசு உத்தியோகம், சட்டத்துறை, பெருநிறுவனங்கள் அனைத்திலும் அதன் பழைய மாணவர்களைக் காணலாம். அவ்வாசல் யாருக்குத் திறக்கிறது என்பது, அம்மாநிலத்தை நாளை யார் நடத்தப்போகிறார்கள் என்ற கேள்வியோடு பிணைந்தது.

அவ்வாசல் எல்லோருக்கும் திறந்திருந்ததில்லை. 1946இல் ஹெமன் ஸ்வெட் என்ற கறுப்பினத் தபால்காரர் அங்குச் சட்டம் படிக்க விண்ணப்பித்தார். தோலின் நிறமே அவர் மறுக்கப்பட்டதற்குக் காரணம். அவரைச் சேர்ப்பதற்குப் பதிலாகக் கறுப்பினத்தவருக்கென்று தனிச் சட்டக் கல்லூரி ஒன்றையே அரசு அவசரமாகத் தொடங்கியது! 1950இல் உச்சநீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவருக்கு இடம் கிடைத்தது.

பள்ளிகளின் நிலையும் அவ்வாறே. அந்நாட்டில் பள்ளிச் செலவின் பெரும்பகுதி அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. மதிப்புமிக்க வீடுகள் உள்ள பகுதியில் பள்ளி செழிக்கும். ஏழைகள் வாழும் பகுதியில் மெலியும். சான் அன்டோனியோ நகரில் மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த எட்ஜ்வுட் பகுதியில் 1967-68 கல்வியாண்டில் மாணவர் ஒருவருக்குச் செலவிட முடிந்த தொகை 356 டாலர். அதே நகரின் செல்வர் பகுதியான அலமோ ஹைட்ஸில் 594 டாலர். இத்தனைக்கும் எட்ஜ்வுட் மக்கள் தங்கள் சொத்தின் மீது அதிக விகிதத்தில் வரி கட்டினர். டெமட்ரியோ ரோட்ரிகஸ் என்ற பெற்றோர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. ‘பள்ளிகளை ஏற்றத்தாழ்வாக வைத்திருப்பது நாட்டின் அரசியல் சட்டத்திற்கு முரணன்று’ என்பதே அத்தீர்ப்பின் சாரம். மாநிலச் சட்டத்தின் கீழ் நிவாரணம் கிடைக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வழக்கை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம், பின்னர் தேவைப்படும்.

இத்தகைய சூழலில், பல்கலைக்கழகம் சேர்க்கையின்போது மாணவரின் இனத்தையும் கருத்தில் கொண்டு, ஒதுக்கப்பட்ட மக்களுக்குச் சிறிது முன்னுரிமை அளித்து வந்தது. சட்டப் படிப்பில் இடம் கிடைக்காத ஷெரில் ஹாப்வுட் என்ற வெள்ளையினப் பெண்மணியும் வேறு சிலரும் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இனத்தைக் கருத்தில் கொள்ளவே கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே ஆஸ்டினில் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர் எண்ணிக்கை சரிந்தது.

அப்போது மாநிலச் சட்டமன்றத்தின் உயர்கல்விக் குழுத் தலைவராக இருந்தவர் இர்மா ரேஞ்சல் அம்மையார். பள்ளி ஆசிரியையாக இருந்து வழக்கறிஞரானவர். டெக்சாஸ் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வான முதல் மெக்சிகோ வம்சாவளிப் பெண். டேவிட் மோன்டெஹானோ, ஜெரால்ட் டோரஸ் முதலான பேராசிரியர்கள் சிலர் அவருடன் கூடி ஆலோசித்தனர். இனத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்கிறது நீதிமன்றம். சொல்லாமலேயே வாசலை அகலத் திறப்பது எவ்வாறு?

அவர்கள் கண்ட வழி மிக எளியது. மாநிலத்தின் எந்த உயர்நிலைப் பள்ளியாயினும் சரி, அதன் வகுப்புத் தரவரிசையில் முதல் பத்து விழுக்காட்டிற்குள் வரும் மாணவர், மாநில அரசின் எந்தப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தாலும் இடம் உண்டு. எஸ்.ஏ.டி. எனப்படும் நுழைவுத் தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டுத் தடுக்கலாகாது. நேர்காணல் இல்லை, சிபாரிசும் வேண்டியதில்லை. செல்வர் பள்ளியின் முதல் பத்தும், எல்லையோரச் சிற்றூர்ப் பள்ளியின் முதல் பத்தும் ஒன்றே. செனட்டில் கொன்சாலோ பாரியென்டோஸ் முன்னின்று நடத்த, 1997இல் சட்டம் நிறைவேறியது. அன்றைய ஆளுநர் ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்டார். 1998 சேர்க்கையில் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் நிறைவேறிய கதையில் ஒரு சுவையான செய்தி உண்டு. இதனை ஆதரித்தவர்கள் சிறுபான்மையினப் பிரதிநிதிகள் மட்டுமல்லர். மேற்கு டெக்சாஸின் வெள்ளையினக் கிராமப்புறப் பிரதிநிதிகளும் சேர்ந்துகொண்டனர். தங்கள் தொகுதிப் பள்ளிகளிலிருந்து ஆஸ்டினுக்கு எவரும் போவதில்லை என்பதை அவர்கள் அப்போதுதான் கண்டறிந்தனர். ஏறத்தாழ 60 பள்ளிகளே அப்பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர்களில் பாதிப் பேரை அனுப்பி வந்தன. ஆயிரத்து ஐந்நூறில் அறுபது! பருத்திக் காட்டு வெள்ளையர் பிள்ளைக்கும் எல்லையோர மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைக்கும் ஒரே கதவுதான் அடைபட்டிருந்தது. சட்டத்தைப் பின்னாளில் காத்து நின்றதும் இக்கூட்டணியே.

விளைவு என்ன? 1996இல், அதாவது பழைய முறையில், ஆஸ்டின் முதலாண்டு மாணவரில் கறுப்பினத்தவர் 4.1 விழுக்காடு, ஹிஸ்பானியர் 14.5 விழுக்காடு. இனத்தைக் கருதாமல் இச்சட்டம் மட்டுமே இருந்த 2004இல் முறையே 4.5, 16.9. இழந்த இடம் மீண்டது. சிறிது கூடவும் செய்தது. ஆயினும் மாநில மக்கள்தொகையில் அவர்கள் வகித்த பங்கோடு ஒப்பிட்டால் இது குறைவே. இச்சட்டம் அற்புதம் செய்தது என்று நாம் கூறமாட்டோம். முன்பு பெயரே கேள்விப்படாத பள்ளிகளிலிருந்து மாணவர் வரத் தொடங்கினர் என்பதே அதன் உண்மையான சாதனை.

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. அதனைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கடினமான பள்ளியில் படித்து, பன்னிரண்டாவது விழுக்காட்டில் நிற்கும் பிள்ளையின் பெற்றோர் கேட்டனர்: “எங்கள் பிள்ளை சாதாரணப் பள்ளியில் படித்திருந்தால் முதலாவதாக வந்திருப்பானே, நல்ல பள்ளியில் சேர்த்தது எங்கள் குற்றமா?” இக்கேள்வியை ஏளனம் செய்வதற்கில்லை. அப்பிள்ளையும் உழைத்த பிள்ளையே. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நல்ல பள்ளி தானாக நல்லதாகிவிடவில்லை. எட்ஜ்வுட் வழக்கை நினைவுபடுத்தினோம் அல்லவா? செல்வர் பகுதியின் வரிப்பணத்தில் விளைந்த சிறப்பு அது. பள்ளிகளைச் சமமாக்க மறுத்துவிட்டு, அப்பள்ளிகளின் பிள்ளைகளை மட்டும் ஒரே தராசில் நிறுப்பது எப்படி நேர்மையாகும்?

‘தகுதியில்லாதவர் வந்து தோற்றுப்போவர்’ என்பது மற்றோர் அச்சம். இதற்கு விடை நூலகத்தில் அன்று, வகுப்பறையில் கிடைத்தது. அன்று பல்கலைக்கழகத் தலைவராக இருந்த லாரி ஃபாக்னர், தரவரிசையில் வந்தவர்கள் நுழைவுத் தேர்வில் தங்களைவிட மிகுதியாக எடுத்த பிறருக்கு இணையாகவே கல்லூரித் தேர்வில் தேறுகின்றனர் என்று எடுத்துக்காட்டி வந்தார். நான்கு ஆண்டுகள் தன் வகுப்பில் முன்னணியில் நிற்பதற்கு ஒழுங்கும் விடாமுயற்சியும் வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு அவற்றை அளப்பதில்லை.

எனினும் எல்லோரும் தேறவில்லை என்பதும் மெய்யே. இவ்விடத்தில் டேவிட் லாட் என்ற வேதியியல் பேராசிரியரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஆஸ்டினில் முதலாண்டு வேதியியல் வகுப்பு என்பது ஐந்நூறு பேர் அமரும் பெரிய அரங்கம். அதில் தோற்பவர் யார் என்று அவர் ஆராய்ந்தார். பெரும்பாலும் ஏழைக் குடும்பத்தவர், பெற்றோர் கல்லூரி காணாதவர், நுழைவுத் தேர்வில் குறைவாக எடுத்தவர். 1999இல் அவர் ஒரு சோதனை செய்தார். இத்தகைய மாணவர் ஏறத்தாழ ஐம்பது பேரைத் தனிச் சிறு வகுப்பாகப் பிரித்தார். சராசரி மாணவரைவிட நுழைவுத் தேர்வில் அவர்கள் 200 மதிப்பெண் அளவுக்குப் பின்தங்கியவர்கள்.

இப்படிப் பிரித்தால் நாம் என்ன எதிர்பார்ப்போம்? பாடத்தை எளிதாக்கிக் கொடுப்பார்கள், தாழ்ந்த பிரிவு என்று ஓரமாக வைப்பார்கள். லாட் அதைச் செய்யவில்லை. பெரிய வகுப்பில் நடத்திய அதே பாடத்தை, அதே கடினத்தோடு, அவரே நடத்தினார். வினாத்தாளும் அதே வினாத்தாள். கூடுதலாகக் கொடுத்தவை வேறு: வாரந்தோறும் சில மணி நேரம் துணைப்பயிற்சி, வழிகாட்டிகள், மூத்த மாணவரின் துணை. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, ‘நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், உங்களால் முடியும்’ என்ற சொல். பருவ இறுதியில் அச்சிறு வகுப்பினர் பெரிய வகுப்பினருக்கு இணையான மதிப்பெண் பெற்றனர். பின்னர் அவர்கள் பட்டம் பெற்ற விகிதம் பல்கலைக்கழகச் சராசரியையும் தாண்டியது.

ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கூர்ந்து நோக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பாடம் குறையவில்லை, தேர்வு தளரவில்லை, பிள்ளைகளும் மாறவில்லை. கூட நின்றவர்கள் மட்டும் கூடினர். லாட் தாமும் இளமையில் சொந்த ஊரை விட்டுத் தொலைதூரக் கல்லூரிக்குச் சென்று, திசை தெரியாமல் தவித்தவர் என்பதை அறியும்போது, அவருக்கு இது ஏன் தோன்றியது என்பது விளங்குகிறது.

பணத்தின் கதையும் இவ்வாறே. சட்டம் இடத்தை உறுதி செய்தது. கட்டணத்தையும் விடுதிச் செலவையும் உறுதி செய்யவில்லை. விரும்பிய பாடப்பிரிவையும் உறுதி செய்யவில்லை. பொறியியல், வணிகவியல் போன்ற துறைகளுக்குத் தனிப் போட்டி இருந்தது. எல்லையோர ஊரிலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நகருக்குப் பிள்ளையை அனுப்ப ஏழைத் தந்தைக்கு ஒரு கடிதம் போதுமா? 1999இல் ஆஸ்டின் பல்கலைக்கழகம், தமக்கு அதிகம் மாணவரை அனுப்பாத ஏழைப் பகுதிப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, லாங்ஹார்ன் வாய்ப்பு உதவித்தொகை என்ற திட்டத்தைத் தொடங்கியது. அப்பள்ளிகளுக்கு நேரில் சென்று மாணவரை அழைத்தனர். சட்டத்தின் வெற்றியில் ஒரு பங்கு இவ்வுதவித்தொகைக்கும் இந்நேரடி அழைப்புக்கும் உரியது என்பதே நம் கருத்து.

இனி, இடம் இழந்தவர்களின் நிலை. முதல் பத்திற்குச் சற்று வெளியே நின்று, ஆஸ்டினில் இடம் கிடைக்காமல் போன நல்ல பள்ளிப் பிள்ளைகள் என்னவாயினர்? சாண்ட்ரா பிளாக், ஜெஃப்ரி டென்னிங், ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஆராய்ந்தது. இச்சட்டத்தால் உள்ளே வந்த பிள்ளைகள் பட்டம் பெறுவது கூடியது. பின்னாளில் வருவாய் உயர்ந்ததற்கும் அடையாளம் தென்பட்டது. வெளியே தள்ளப்பட்டவர்களோ வேறு நல்ல கல்லூரிகளுக்குச் சென்று பட்டம் பெற்றனர். அவர்தம் வருவாய் குறைந்ததாகத் தெரியவில்லை. வசதியுள்ள பிள்ளைக்கு ஒரு கதவு அடைத்தால் மறு கதவு உண்டு. மற்றப் பிள்ளைக்கு அந்த ஒன்றே கதவு. இவ்வாதத்தில் நம் மனத்தை ஒரு பக்கம் சாய்த்தது இவ்வாய்வே என்பதை மறைக்க விரும்பவில்லை.

மனித இயல்பு எங்கும் ஒன்றுதானே! சட்டம் வந்ததும் சூழ்ச்சியும் வந்தது. தரவரிசையில் முன்னேறுவதற்காகவே, போட்டி மிகுந்த பள்ளியைத் தவிர்த்து எளிய பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் உண்டு. அவ்வாறு செய்யக் காரணமும் வாய்ப்பும் இருந்த மாணவருள் குறைந்தது 5 விழுக்காட்டினர் பள்ளி மாறியதாக ஓர் ஆய்வு கணித்தது. பின்தங்கிய பள்ளிகள் உள்ள பகுதிகளில் வீட்டு மதிப்புச் சற்று உயர்ந்ததாக மற்றோர் ஆய்வு கண்டது. இதனைத் தீங்கு என்போர் உளர். வசதியுள்ள குடும்பம் எளிய பள்ளியை நாடி வருவது அப்பள்ளிக்கு நன்மை என்போரும் உளர். இதைவிட நம்மை வருத்துவது, தசம புள்ளிக்காகப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பொருதுவது. அதிகப் புள்ளி தரும் பாடங்களையே தேடி எடுத்து, இசையையும் ஓவியத்தையும் கைவிட்டவர்கள் உண்டு. இத்தகைய ஓட்டத்தை நாம் நம் ஊரிலேயே கண்டு வருவதால் விளக்கம் வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்தின் முறையீடு வேறு. 2008இல் டெக்சாஸ் மாணவருக்குரிய முதலாண்டு இடங்களில் 81 விழுக்காடு இச்சட்டத்தின் வழியே நிரம்பியது. ‘நாங்கள் தேர்ந்தெடுக்க எதுவுமே மிஞ்சவில்லை’ என்றார் அன்றைய தலைவர் வில்லியம் பவர்ஸ். சட்டமன்றம் 2009இல் ஆஸ்டினுக்கு மட்டும் ஒரு வரம்பு விதித்தது: தரவரிசை வழிச் சேர்க்கை 75 விழுக்காட்டைத் தாண்ட வேண்டியதில்லை. 2011இலிருந்து ஆண்டுதோறும் கணக்கிட்டு எல்லைக்கோட்டை நகர்த்தினர். பத்து எட்டாயிற்று, ஏழாயிற்று, 2019இல் ஆறாயிற்று. விண்ணப்பங்கள் பெருகியதால் 2026 இலையுதிர் பருவச் சேர்க்கைக்கு ஐந்து என்று 2024 செப்டம்பரில் அறிவித்தனர். நூறு பேர் பயிலும் சிற்றூர் வகுப்பில் முன்பு பத்துப் பேருக்கு இருந்த உறுதி இன்று ஐவருக்கே.

இதற்கிடையே நீதிமன்றங்கள் முன்னும் பின்னும் நகர்ந்தன. 2003இல் உச்சநீதிமன்றம் இனத்தை ஒரு கூறாகக் கருதலாம் என்றது; ஆஸ்டினும் மிஞ்சிய இடங்களுக்கு அவ்வாறே செய்தது. முதல் பத்தில் வராத அபிகெய்ல் ஃபிஷர் என்ற மாணவி தொடுத்த வழக்கில் 2016இல் அது உறுதி செய்யவும்பட்டது. பின்னர் 2023 ஜூனில், ஹார்வர்டு வழக்கில், உச்சநீதிமன்றம் இனத்தைக் கருதும் முறையையே நாடு முழுவதும் முடித்து வைத்தது. இத்தனை அலைக்கும் அசையாமல் நின்றது 1997ஆம் ஆண்டுச் சட்டமே. அதில் இனம் என்ற சொல்லே இல்லை.

ஆனால் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபிஷர் வழக்கில் நீதிபதி ரூத் கின்ஸ்பர்க் இதனைச் சுட்டிக்காட்டினார். இச்சட்டம் பலன் தருவதே மக்கள் இனவாரியாகப் பிரிந்து வாழ்வதால்தான். கறுப்பினத்தவர் ஓரிடத்திலும் வெள்ளையர் வேறிடத்திலும் வாழ்ந்து, பள்ளிகளும் அவ்வாறே பிரிந்திருப்பதால் முதல் பத்தில் எல்லா இனத்தவரும் வருகின்றனர். நோயை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்தே மருந்து எடுப்பது போன்றது இது. பள்ளிகள் கலந்துவிட்டால் மருந்தின் வீரியம் குறையும். கலக்காவிடின் நோய் தொடரும். இதற்குத் தெளிவான மறுமொழியை நாம் இதுவரை கண்டதில்லை.

நம் மாநிலத்தில் இதற்கு நெருங்கிய ஏற்பாடு 2020ஆம் ஆண்டின் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்று, நீட் தேர்விலும் தகுதி பெற்றோருக்கு மருத்துவப் படிப்பில் அவ்விடங்கள். இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. டெக்சாஸில் ஒவ்வொரு பள்ளியும் தனித்தனி வரிசை. இங்கே அரசுப் பள்ளி மாணவர் அனைவரும் சேர்ந்து ஒரே வரிசை. ஆகவே நகரத்து நல்ல அரசுப் பள்ளிப் பிள்ளையோடு மலைக்கிராமத்துப் பிள்ளை இன்னும் போட்டியிட வேண்டியிருக்கிறது. ஒற்றுமையும் உண்டு. முதலாண்டிலேயே, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட இயலாமல் அதை விட்டுவிட்ட பிள்ளைகள் இருந்தனர். அந்த நவம்பரிலேயே கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிக்க நேர்ந்தது. ஆஸ்டின் 1999இல் கற்ற பாடத்தை நாம் 2020இல் கற்றோம்.

நம் கல்விக் குழுவின் முன் உள்ள கேள்வியும் இதனோடு தொடர்புடையதே. ஆண்டு உதவித்தொகையை ஊரின் மொத்த மதிப்பெண் வரிசைப்படி வழங்குவதா, ஒவ்வொரு பள்ளியிலும் முன்னணியில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு வழங்குவதா? இரண்டாவதே தக்கது என்பது நம் எண்ணம். அவ்வாறு வழங்கினால், முதலாம் ஆண்டுக் கல்லூரிக் காலத்தில் அப்பிள்ளைகளுக்குத் துணையாக, ஏற்கெனவே பட்டம் பெற்ற நம் இளைஞர் ஒருவரையேனும் சேர்த்து நியமிக்க வேண்டும். பொதுக்குழு இதனை விவாதித்து முடிவு செய்யட்டும்.